திருகு மாப்ளே... திருகு!

"மாப்ளே, லென்ஸ் பத்திரம்! உங்க அம்மா கல்யாணத்தையே அதுலதான் எடுத்தேன்..."

மாமா இதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு மாசம் கழித்து இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, அதே லென்ஸ் என் ஹாஸ்டல் கட்டிலில், பழைய பேப்பர் விரித்து, பார்ட் பார்ட்டாகக் கிடந்தது. மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு இன்னும் இருபதே நாள். திருக்கடையூரில் அந்த லென்ஸில் ஒரே ஒரு போட்டோவாவது எடுக்கணும் என்பது மாமாவின் ஆசை. அதற்குள் எங்கேயாவது தலைமறைவாகிவிடணும் என்பது என் ஆசை!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் போயிட்டு வந்துடலாமா?

பரண்மேல் இருந்து மாமா இறக்கிய தோல் பைக்குள் இருந்தது ஜெனிட்-இ கேமரா. சோவியத் யூனியன் என்று ஒரு நாடு இருந்த காலத்துச் சமாசாரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1987-ல், மாமா செகண்ட்ஹேண்டில் வாங்கியது. தூக்கினால் செங்கல் கனம். உள்ளே ஷட்டர் துணி நைந்து கிழிந்திருந்தது. "கேமரா செத்துப்போச்சு மாப்ளே. கண்ணு மட்டும்தான் உசுரோட இருக்கு. எடுத்துக்க" என்றார். அந்தக் கண்ணின் பெயர், ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ. ஃபோக்கல் லெங்த், முழுசாகத் திறந்தால் எஃப் 2. சீரியல் நம்பர் 78 என்று ஆரம்பித்தது. இந்த லென்ஸ்களில் முதல் ரெண்டு இலக்கம் பெரும்பாலும் பிறந்த வருஷத்தைக் குறிக்கும். ஆக 1978. என்னைவிட ரொம்ப சீனியர்!

என்னிடம் இருப்பது செகண்ட்ஹேண்ட் கேனான் 1300டி. கூடவே வந்த கிட் லென்ஸ், ஆடிட்டோரியத்தில் லைட்டை அணைத்தால் அதுவும் தூங்கிவிடும். எஃப் 2 லென்ஸ் கையில் கிடைத்தால் விடுவோமா? ஆனால் மாமாவின் லென்ஸ் பின்பக்கம் பாட்டில் மூடி மாதிரி மரை இருக்கிறது. என் கேமராவிலோ மரையே கிடையாது. சொருகி ஒரு திருப்பு திருப்பினால் 'டக்' என்று மாட்டும் பயோனெட் மவுன்ட். ரெண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிக்கும் புரோக்கர்தான் அடாப்டர். மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய உலோக வளையம், அவ்வளவுதான். 600 ரூபாய்க்கு வாங்கினேன்.

அந்த மரைக்குப் பெயர் எம்42. குறுக்களவு 42 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1 மி.மீ. மெக்கானிக்கல் டிராயிங் போட்டவர்களுக்கு இதைவிட சிம்பிளாக ஒரு திருகு கிடைக்காது. 1949-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் இருந்து வந்த கான்டாக்ஸ் எஸ், பிராக்டிகா கேமராக்கள்தான் இதை ஆரம்பித்து வைத்தன. அப்புறம் ஜப்பானில் பென்டாக்ஸ், யாஷிகா, ஃப்யூஜிகா, சினான்... ரஷ்யாவில் ஜெனிட்... என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் பொதுத் திருகாகிவிட்டது. நம்ம பழைய நோக்கியா சார்ஜர் பின் மாதிரி! ஒரு வீட்டில் ஒன்று இருந்தால் தெருவுக்கே போதும்.

அப்புறம் ஏன் காணாமல் போச்சு? திருகுவதற்கு நேரமாகும். அந்தக் கல்யாண வீட்டு அவசரத்தில் லென்ஸ் மாற்றுவதற்குள் தாலி கட்டி முடித்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், திருகு ஒவ்வொரு லென்ஸிலும் ஒரே கோணத்தில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கேமராவும் லென்ஸும் அப்பர்ச்சர் தகவலைப் பேசிக்கொள்ள வேண்டும் என்றால் ரெண்டும் நேருக்கு நேர் சரியாக நிற்கணுமே! பென்டாக்ஸே 1975-ல் திருகை விட்டுவிட்டு கே மவுன்டுக்கு மாறியது. ஆனால் போகும்போது ஒரு நல்ல காரியம் பண்ணியது. 45.46 மி.மீ. என்ற அந்த ஒரு அளவை மட்டும் மாற்றவில்லை.

அந்த அளவுதான் இந்தக் கதையின் ஹீரோ. லென்ஸ் உட்காரும் முகப்பில் இருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒன்று உண்டு. எம்42-க்கு 45.46. கேனான் இ.எஃப். மவுன்டுக்கு 44. கழித்துப் பாருங்கள்... 1.46 மி.மீ. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வளையம். சரியாக 1.46 மி.மீ. தடிமனில் ஒரு வளையம் கடைந்து கொடுத்தால், லென்ஸ் தன் பழைய வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். கண்ணாடி வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் இன்னும் லக்கி. உள்ளே கண்ணாடி எழுந்து விழுகிற வேலை இல்லாததால் இந்தத் தூரம் ரொம்பக் குறைவு. சோனி இ மவுன்டுக்கு 18 மி.மீ. அதனால் 27.46 மி.மீ. நீளத்துக்கு ஒரு குழாய் போதும். ஃப்யூஜி எக்ஸ்-க்கு 17.7, கேனான் ஆர்.எஃப்.-க்கு 20, நிக்கான் இசட்-க்கு 16. இடம் தாராளமாக இருப்பதால் உலகத்தில் உள்ள எந்தப் பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸையும் மாட்டிப் பார்க்கலாம்.

நிக்கானின் பழைய எஃப் மவுன்ட் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அதன் அளவு 46.5. எம்42-வைவிட 1.04 மி.மீ. அதிகம்! லென்ஸ் ஏற்கெனவே தேவைக்கு மேல் தள்ளி நிற்கிறது. வளையம் போட்டால் இன்னும் தள்ளிப் போகும். இதைக் கணக்குப் போடாமல் வளையம் வாங்கிய என் ரூம்மேட், கல்ச்சுரல்ஸ் மேடையைப் பின்வரிசையில் இருந்து எடுத்தான். 140 படம். அத்தனையும் டிசம்பர் மாச ஊட்டி. பக்கத்து சீட்டில் சமோசா தின்றுகொண்டிருந்த பையன் மட்டும் சூப்பர் ஷார்ப்!

ஏன் அப்படி? பிளஸ் டூ-வில் படித்த லென்ஸ் சமன்பாட்டைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் நியூட்டன் ஃபார்முலா கிடைக்கும். ஃபோக்கல் லெங்த்தை அதாலேயே பெருக்குங்கள். 58 பெருக்கல் 58, அதாவது 3,364. லென்ஸ் தன் இடத்தில் இருந்து எத்தனை மி.மீ. தள்ளி நிற்கிறதோ, அதால் இதை வகுங்கள். வருகிற விடைதான் ஃபோகஸ் எட்டும் கடைசித் தூரம். வளையத்தின் தடிமன் பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டாலும் 1.04-ஆல் வகுத்தால் 3,235 மி.மீ. மூன்றேகால் மீட்டர். அதுக்கு அந்தாண்டை நடந்த டான்ஸ் எல்லாம் பனிமூட்டம்தான். இதைச் சரிசெய்ய நடுவில் சின்னக் கண்ணாடி வைத்த வளையம் விற்கிறது. தூரம் கிடைக்கும், ஆனால் ஷார்ப்னெஸ் கொஞ்சம் அடி வாங்கும். என்னைக் கேட்டால், குளோசப் மட்டும் எடுப்பேன் என்பவர்கள் கண்ணாடி இல்லாத வளையத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, மாட்டியாச்சு. எடுப்பது எப்படி? முதல் தடவை கேமராவை ஆன் செய்ததும் அப்பர்ச்சர் இருக்க வேண்டிய இடத்தில் '00' என்று காட்டியது. லென்ஸ் இருப்பதே அதற்குத் தெரியாது, பாவம். மேனுவல் அல்லது அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் வைத்தால் வேலை செய்யும். மிரர்லெஸ்ஸில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் ரிலீஸ்' என்பதை மெனுவில் தேடி ஆன் செய்யணும். இது தெரியாமல் வளையம் ரிப்பேர் என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

ஹீலியோஸில் அப்பர்ச்சருக்கு ரெண்டு வளையம். ஒன்று 'டிக் டிக்' என்று நிற்கும். அதில் 5.6 என்று எல்லை வைத்துவிடலாம். இன்னொன்று சத்தமில்லாமல் வழுக்கும். முழுசாகத் திறந்து வைத்து வெளிச்சத்தில் ஃபோகஸ் பண்ணிவிட்டு, படம் எடுக்கும்முன் ஒரு திருகு திருகினால் எல்லையில் போய் நிற்கும். ரெண்டு நாளில் விரல் பழகிவிடும். ஃபோகஸுக்கு லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஓடுகிற நாய்க்குட்டி, கபடி மேட்ச் எல்லாம் எடுக்கணும் என்றால் தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள். கையில் பத்தாயிரம் இருந்தால் ஆட்டோஃபோகஸோடு புது 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கிவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அப்புறம் எதற்கு இத்தனை கஷ்டம்? அந்த பின்னணிக்காக! ஹீலியோஸுக்குப் பூர்வீகம் கார்ல் ஜைஸின் பயோட்டார். ரெண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த டிசைன் ரஷ்யாவுக்குப் போய் ஹீலியோஸ் ஆனது. எஃப் 2-ல் வைத்து, ஆளை ஒன்றரை ரெண்டு மீட்டரில் நிறுத்தி, பின்னால் சில மீட்டர் தள்ளி இலைகளுக்கு நடுவே வெயில் ஒழுகும் மரம் இருந்தால்... பின்னணி முழுக்க ஆளைச் சுற்றிச் சுழலும். தேர் சக்கரம் மாதிரி! ஓரங்களில் ஒளிவட்டம் லென்ஸ் குழாயில் இடித்து பூனைக் கண் வடிவத்துக்கு நசுங்குவதுதான் காரணம். கூடவே லென்ஸின் ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பது. அதாவது, டிசைனர் தலையில் அடித்துக்கொள்ளும் குறையைத்தான் நாம் அழகு என்று கொண்டாடுகிறோம்.

ஒரு உண்மையும் சொல்லணும். என் கேமரா சென்சார் சின்னது. 58 மி.மீ. கிட்டத்தட்ட 93 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். ஓரம் வெட்டுப்படுவதால் சுழலும் பாதிதான் கிடைக்கும். முழு ஃபிரேம் கேமராவில்தான் தேர் முழுசாக ஓடும். ஆனால் முழு ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர்.களில் சில லென்ஸ்களின் பின்பாகம் உள்ளே எழும் கண்ணாடியில் இடிக்கும். முதல் தடவை மாட்டும்போது பார்த்து! 2024-ல் வந்த 'ட்யூன்: பார்ட் டூ' படத்துக்குக்கூட ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் பழைய சோவியத் லென்ஸ்களைப் புது உறைக்குள் போட்டுத்தான் பயன்படுத்தினார். இதைச் சொல்லித்தான் வீட்டில் 600 ரூபாய் வாங்கினேன்.

இப்போது கட்டிலுக்கு வருவோம்.

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி ஒரு பூஞ்சை. பரணில் இருபது வருஷம் தோல் பைக்குள் அடைந்து கிடந்தால் வராதா? தோல் பை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். விட்டால் கண்ணாடிமேல் உள்ள பூச்சையே தின்றுவிடும் என்று படித்தேன். ஒரு வீடியோ பார்த்தேன். பதினொன்றரை நிமிஷ வீடியோ. 'இவ்ளோதானா!' என்று தோன்றியது. ஃபோகஸ் வளையத்தின் மூன்று குட்டி ஸ்க்ரூவைக் கழற்றினேன். திருகிக்கொண்டே போனேன். 'சொய்ங்' என்று ரெண்டாகக் கழன்று கையில் வந்தது. துடைத்து, திரும்ப மாட்டி, வெளியே யானைமலையைப் பார்த்தேன். மலையைக் காணோம்! சாம்பல் கலரில் ஏதோ ஒரு மூட்டம்.

முதலில் வளையத்தின்மேல்தான் சந்தேகம். எங்கள் மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். சுற்றி நாலு இடத்தில் அளந்தும் 1.45, 1.46 என்றே காட்டியது. அப்பாவி! ஹாஸ்டல் வராண்டாவில் டேப் பிடித்து, எதுவரை தெளிவாகிறது என்று அளந்தேன். மூன்றரை மீட்டர். அதே ஃபார்முலாவைத் திருப்பிப் போட்டால், லென்ஸ் சுமார் 1 மி.மீ. முன்னால் நிற்கிறது. வளையத்தில் தப்பில்லை என்றால்... தப்பு, நான் மாட்டியதில். செமஸ்டர் ரிசல்ட் பார்க்கும்போதுகூட வயிறு அப்படிக் கலங்கியதில்லை.

சீனியர் ஒருவர் வழி காட்டியதில், மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கேமரா மெக்கானிக்கிடம் போனேன். ரெண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்கணும். வயது அறுபதைத் தாண்டும். ஒற்றைக் கண்ணில் வாட்ச் மெக்கானிக் மாட்டும் பூதக்கண்ணாடி. லென்ஸை வாங்கி ஒரு திருப்பு திருப்பினார்.

"ஏப்பா, பிரிக்கும்போது கோடு போட்டியா?"

"இல்லைங்கய்யா..."

"இஞ்சினீயரிங் படிக்கிறியோ?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். "ஆர்ட்ஸ் காலேஜ் பிள்ளைக பயந்துக்கிட்டு பிரிக்காமக் கொண்டாரும். உங்க ஆளுகதான் பிரிச்சுட்டு வர்றது!"

விஷயம் இதுதான். ஃபோகஸ் திருகில் ஒரே ஒரு மரை இல்லை. பக்கத்துப் பக்கத்தில் பல மரைகள் ஒன்றாக ஆரம்பிக்கும் மல்டி ஸ்டார்ட் த்ரெட். அரைச் சுற்று சுற்றினாலே லென்ஸ் பல மி.மீ. நகரணும் என்பதற்காக அப்படி. மெஷின் டிசைன் பேப்பரில் இதற்கு நான் எட்டு மார்க் வாங்கியிருக்கிறேன்! எந்த இடத்தில் கழன்றதோ அதே வாயில்தான் திரும்ப நுழைக்கணும். அடுத்த வாயில் நுழைந்தாலும் அழகாகத் திருகும். ஆனால் தூரம் தப்பிவிடும். அதனால்தான் கழற்றும்முன் பென்சிலில் ஒரு கோடு. பதினொன்றரை நிமிஷ வீடியோவில் அந்தக் கோடு வந்ததாம். நான்தான் ஃபாஸ்ட் ஃபார்வர்டு பண்ணிவிட்டேன்.

பழைய ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸைத் தீட்டிச் செய்த ஸ்பானரால் லென்ஸைப் பிரித்தார். கட்டிப்போன கிரீஸை வழித்து, புது கிரீஸ் தடவினார். பூஞ்சையை நான் துடைத்ததாக நினைத்தது சும்மா. அவர் கையில் அது வேறு மாதிரி போனது. ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய தழும்பு. "அது போகாதுப்பா. கண்ணாடியவே அரிச்சிருச்சு. ஆனா படத்துல தெரியாது. எதிர்வெயில்ல மட்டும் எடுக்காத" என்றார். ஒவ்வொரு வாயாகத் திருகிப் பார்த்து, அஞ்சாவது தடவை தலையாட்டினார். அப்புறம்தான் கிளைமாக்ஸ். என் கேமராவில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கிருந்து மீனாட்சி அம்மன் கோயில் மேலக் கோபுரம் தெரிகிறது. நாற்பது வருஷமாக எந்த லென்ஸை மாட்டினாலும் அந்தக் கலசத்தைப் பார்த்துத்தான் முடிவில்லா தூரத்தைச் சரிபார்ப்பாராம். முன்பெல்லாம் கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் இருக்கும் இடத்தில் தேய்த்த கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். நான் லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டியதும், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கலசம், அதன்மேல் ஒரு புறா... எல்லாம் ஸ்க்ரீன் முழுக்க.

"இது அப்பவே இருந்திருந்தா என் கண்ணு இம்புட்டு போயிருக்காதேப்பா!"

கூலி 400 ரூபாய். முகூர்த்த மாசங்களில் ஒரு நாளைக்குப் பத்து கேமரா வந்த கடை. ஃபிலிம் போனது, ஸ்டூடியோக்கள் மூடின, இப்போது வாரத்துக்கு ரெண்டு மூன்று. அதிலும் பாதி, என்னை மாதிரி பழைய லென்ஸைத் தூக்கிக்கொண்டு வரும் காலேஜ் பசங்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். "இதைக் கத்துக்கிறேன்னு ஒரு பயலும் வரலை. எல்லாரும் வீடியோ பாத்துப் பிரிச்சுட்டு வர்றானுக. அதுவும் நல்லதுதான், எனக்குச் சோறு!" பேர் போடலாமா என்று கேட்டேன். "அய்யய்யோ... அப்புறம் ஊரே செல்போனைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கிளம்பும்போது, "சனிக்கிழமை சும்மாதான இருப்ப? இங்கிட்டு வா" என்றார். நாலு சனிக்கிழமை போயிருக்கிறேன். இதுவரை எனக்குக் கொடுத்த வேலை, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருந்த குட்டி ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பிரிப்பது. முக்கால் பாட்டில் மிச்சம் இருக்கிறது.

அவர் சொன்னதில் இருந்து, வாங்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். வலையோ, பால் மாதிரி மூட்டமோ இருந்தால் விலை சொல்வதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மின்னக் கூடாது. சில லென்ஸின் பின்னால் ஒரு குட்டி பின் நீட்டிக்கொண்டு இருக்கும். அதை அழுத்தினால்தான் அப்பர்ச்சர் மூடும். அப்படி இருந்தால், பின்னை அழுத்தும் விளிம்பு வைத்த வளையம் கேட்டு வாங்குங்கள். பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4-ல் ஏழு கண்ணாடி வகை கிடைத்தால், அது மஞ்சளாக இருக்கும், பயப்படாதீர்கள். கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறார்கள். ஆமாம், லேசாகக் கதிர்வீச்சு உண்டு. போட்டோ எடுப்பதால் ஒன்றும் ஆகாது, தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டாம். சில நாள் வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும். வாங்கினதை எல்லாம் காற்று புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டு வையுங்கள். தோல் பை வேண்டவே வேண்டாம்!

திருக்கடையூரில் அன்றைக்கு அறுபதாம் கல்யாணம் மட்டும் பத்துப் பதினைந்து இருக்கும். கூட்டம் நெரிந்தது. மாமாவையும் அத்தையையும் மாலையோடு வெளியே ஒரு வேப்ப மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ரெண்டு மீட்டர், எஃப் 2.8, பத்து மடங்கு பெரிதாக்கி அத்தையின் மூக்குத்தியில் ஃபோகஸ். அத்தை சிரிக்காமல் முறைத்தார், முதல் பதினோரு படம் அவுட். பன்னிரண்டாவதில் மாமா காதில் ஏதோ சொல்ல, அத்தை திரும்பிச் சிரிக்க, பின்னால் வேப்பிலை எல்லாம் மெதுவாகச் சுழல...

"குடு மாப்ளே, உன்னைய ஒண்ணு எடுக்கிறேன்" என்று கேமராவை வாங்கினார் மாமா. பழைய ஞாபகத்தில் விரல் தானாக அப்பர்ச்சர் வளையத்தைத் திருகியது. ஒரு கிளிக். உடனே கட்டைவிரல் கேமராவின் மேல்பக்கம் இல்லாத லீவரைத் தேடித் தடவியது. பிறகு, ரொம்ப சீரியஸாகக் கேட்டார்...

"ஃபிலிம் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கு?"